மருந்தடிப்பவர் உயிர் காக்கும் கோலினெஸ்டிரேஸ் நொதி

பாபநாசம் அணை திறந்து, கோடைமேலழகியான் கால்வாய்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தில் நாற்றங்கால் வேலை சுறுசுறுப்படைகிறது. கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் நடவு முடிந்து மூன்று நான்கு வாரங்களில் இலைச்சுருட்டுப் புழுவும் தண்டுத் துளைப்பானும் தலைகாட்டுகின்றன. கதிர் வரும் சமயத்தில் புகையானும் கதிர்நாவாய்ப்பூச்சியும் சேர்ந்துகொள்கின்றன. கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்குபவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். டேங்க் கணக்கில் கூலி பெறும் தொழிலாளி.

காலையில் தொடங்கியவர் வெயில் ஏறும் வரை அடிக்கிறார். டேங்கின் மூடியிலிருந்து கசியும் கரைசல் சட்டையை நனைத்து முதுகில் இறங்குகிறது. மாலையில் வீடு திரும்பியதும், “தலை கனக்கிறது, கண் மங்குகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது” என்கிறார். வெயில் மயக்கம் என்று வீட்டார் நினைத்து, நீராகாரம் கொடுத்துப் படுக்க வைப்பதுண்டு. பல சமயங்களில் அது வெயில் மயக்கம் அன்று. உடம்பில் உள்ள ஒரு சிறு நொதி வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கியதன் அறிகுறி அது. அந்த நொதியின் பெயர் கோலினெஸ்டிரேஸ். அதைப் பற்றித் தெரிந்துகொள்வது, ஏக்கருக்கு எத்தனை மில்லி மருந்து என்று தெரிந்துகொள்வதைக் காட்டிலும் முக்கியமானதாகும்.

நொதி செய்யும் வேலை

மூளையின் கட்டளை நரம்பு வழியாக வருகிறது. நரம்பின் நுனிக்கும் தசைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அதைக் கடக்க நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற சத்து சுரக்கிறது. அது தசையைத் தொட்டதும் தசை சுருங்குகிறது. எச்சில், கண்ணீர், வியர்வைச் சுரப்பிகளும் குடலும் மூச்சுக்குழாயும் இதே சத்தினால்தான் தூண்டப்படுகின்றன. நரம்புகள் இவ்வாறு ஒரு ரசாயனச் சத்தைச் சுரந்தே வேலை வாங்குகின்றன என்பதை ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921ஆம் ஆண்டு தவளை இதயத்தைக் கொண்டு செய்த சோதனையில் மெய்ப்பித்தார். அவருக்கும் ஆங்கில விஞ்ஞானி ஹென்றி டேலுக்கும் 1936ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சுரந்த சத்து அங்கேயே தங்கிவிட்டால் தசை ஓயாமல் சுருங்கிக்கொண்டே இருக்கும். வயலுக்குப் பாய்ந்த நீரை வடிக்க வடிகால் வேண்டியிருப்பது போல, வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைத்து அகற்ற ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த வடிகால்தான் கோலினெஸ்டிரேஸ் நொதி. வடிகாலை அடைத்தால் வயல் மூழ்குவது போல், இந்த நொதியை அடைத்தால் உடம்பு அசிட்டைல்கோலினில் மூழ்குகிறது.

பூச்சியின் நரம்பிலும் இதே நொதி இருக்கிறது. அதை அடைத்துப் பூச்சியைக் கொல்லும் மருந்துகள் இரு வகைப்படும். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், புரோபெனோபாஸ், டைமெத்தோயேட், மாலத்தியான், அசிபேட் ஆகியவை பாஸ்பரஸ் வகை. கார்போபியூரான், கார்போசல்பான் போன்றவை கார்பமேட் வகை. பூச்சியின் நொதிக்கும் மனிதனின் நொதிக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால், பூச்சிக்கு வைத்த குறி ஆளையும் தாக்குகிறது. மாலத்தியானை மனித உடம்பு பூச்சியைக் காட்டிலும் விரைவாகச் சிதைத்துவிடுவதால் அதன் அபாயம் ஒப்புநோக்கக் குறைவு. அபாயமே இல்லை என்பது அதன் பொருளன்று.

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்றவற்றில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இவை உடம்புக்குள் சென்று, கல்லீரலில் மாற்றம் அடைந்த பிறகே முழு நஞ்சாகின்றன. ஆகவேதான் வயலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாமல், வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துத் தொல்லை தொடங்குகிறது.

நஞ்சே மருந்தான கதை

இந்த நொதியை அடைக்கும் பொருளை மனிதன் முதலில் கண்டது ஆய்வுக்கூடத்தில் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற வட்டாரத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வகை அவரை விதையைத் தின்னக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இருந்தது. பிழைத்தவர் நிரபராதி, மாண்டவர் குற்றவாளி. அந்த விதையிலிருந்து 1864ஆம் ஆண்டு பைசோஸ்டிக்மின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1870களில் அது கண்ணீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாயிற்று. பாப்பாவைச் சுருக்கிக் கண்ணின் உள் நீர் வடிய வழி செய்தது.

தசைகள் சோர்ந்து, இமை தொங்கி, விழுங்கவும் முடியாமல் போகும் மயஸ்தீனியா என்ற நோய்க்கு இதே மருந்து பலன் தருவதை 1934ஆம் ஆண்டு லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் கண்டறிந்தார். இன்று அந்நோயாளிகள் உட்கொள்ளும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இதன் வழிவந்ததே. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்தின் வேகத்தை முறிக்க, மயக்க மருந்து நிபுணர் நியோஸ்டிக்மின் ஊசி போடுகிறார். முதுமையில் வரும் மறதி நோய்க்கு டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலண்டமின் ஆகியவை கொடுக்கப்படுகின்றன. இவை நோயை வேரோடு போக்குவதில்லை. நினைவாற்றலைச் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கின்றன.

வயற்காட்டு மக்களுக்கு நெருக்கமான பயன் ஒன்றும் உண்டு. நல்ல பாம்பின் நஞ்சு, தசையில் அசிட்டைல்கோலின் அமரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது விஷமுறிவு மருந்துடன் அட்ரோபினும் நியோஸ்டிக்மினும் கொடுத்தால், அசிட்டைல்கோலின் மிகுந்து நஞ்சை இடம்பெயர்க்கிறது. தொங்கிய இமை தூக்குகிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு நுனியையே தாக்குவதால் அதற்கு இந்த ஊசி பெரிதும் உதவுவதில்லை.

அப்படியானால் ஒரே வேலையைச் செய்யும் பொருள்களில் ஒன்று மருந்தாகவும் மற்றொன்று நஞ்சாகவும் இருப்பது எப்படி? அளவு ஒரு காரணம். பிடியின் வலு மற்றொரு காரணம். நியோஸ்டிக்மின் நொதியைச் சில மணி நேரம் பிடித்துவைத்துப் பிறகு விட்டுவிடுகிறது. பூச்சி மருந்துகளில் கார்பமேட் வகையும் ஏறத்தாழ இப்படித்தான்; உயிர் தப்பியவருக்கு ஒரு நாளில் நொதி பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. பாஸ்பரஸ் வகையோ பூட்டுக்குள் சாவியை ஒடித்துவிடுவது போன்றது. நேரம் ஆக ஆக ஒடிந்த சாவி துருப்பிடித்து இறுகிவிடுகிறது. டைமெத்தோயேட் போன்ற சில மருந்துகளில் இந்த இறுக்கம் சில மணி நேரத்திலேயே ஏற்படுகிறது. குளோர்பைரிபாஸ் போன்றவற்றில் ஒரு நாளுக்கு மேலாகிறது. இறுகிய பின் உடம்பு புதிய நொதியை உண்டாக்கும் வரை பல வாரங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பாஸ்பரஸ் வகையின் இந்த வலுவை ஜெர்மானிய ரசாயன நிபுணர் கெர்ஹார்டு ஷ்ரேடர் 1936ஆம் ஆண்டு பூச்சி மருந்து தேடும்போது கண்டார். அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று போர்க்கள விஷவாயுவாயிற்று. மற்றொன்றான பாரத்தியான் வயலுக்கு வந்தது.

நாடு கற்ற பாடங்கள்

பாரத்தியான் நம் நாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1958ஆம் ஆண்டு கேரளத்தில், அம்மருந்துடன் ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவில் நஞ்சு கலந்து 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. 2013ஆம் ஆண்டு பீகாரின் சரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்ட பள்ளிக் குழந்தைகள் 23 பேர் இறந்தனர். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, தகுந்த கவசம் இன்றி, மருந்துகளைக் கலந்து அடித்தவர்கள் அவர்கள்.

இந்தக் குடும்பத்து மருந்துகள் பலவற்றை அரசு படிப்படியாக நீக்கிவருகிறது. 2018ஆம் ஆண்டு ஆணையின்படி மீத்தைல் பாரத்தியான், பென்தியான், டயசினான், கார்பரில் ஆகியவை உடனடியாகவும், போரேட், பாஸ்பமிடான், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகியவை 2020ஆம் ஆண்டு இறுதியிலும் விலக்கப்பட்டன. மோனோகுரோட்டபாஸ் காய்கறிகளுக்கு 2005ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டது. அதன் 36 சதக் கரைசலை நீக்க 2023ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. வீட்டுப் பரணில் பழைய டப்பா எதுவும் மிச்சம் இருந்தால் அதை எடுத்து அடிக்கலாகாது.

அறிகுறிகள்

பாதிக்கப்பட்டவருக்குக் கண் பாப்பா கடுகளவாகச் சுருங்கும். எச்சில், கண்ணீர், வியர்வை பெருகும். வாந்தி, வயிற்று வலி, பேதி உண்டாகும். மார்பில் சளி கட்டி மூச்சு இரையும். நாடி தளரும். தோலுக்கடியில் தசை துடிப்பது கண்ணுக்கே தெரியும். முற்றினால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். வெறும் வெயில் மயக்கத்தில் நாடி பொதுவாக விரைந்து துடிக்கும், பாப்பா கடுகளவு சுருங்காது, எச்சில் ஒழுகாது. இந்த வேறுபாட்டை மருந்தடிப்பவர் வீட்டுப் பெண்கள் தெரிந்துவைத்திருப்பது நலம். ஏனெனில் அறிகுறியை முதலில் காண்பவர்கள் அவர்களே.

அடிக்கடி மருந்தடிப்பவரின் நிலை இன்னும் சூட்சுமமானது. ஒவ்வொரு நாளும் நொதி சிறிது சிறிதாகக் குறைகிறது. பாதிக்கு மேல் குறையும் வரை வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அதன் பிறகு வழக்கமாக அடிக்கும் அதே அளவு மருந்து அவரைச் சாய்த்துவிடுகிறது. “இருபது வருடமாக அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்யாது” என்ற பேச்சு இதனால்தான் ஆபத்தானது. ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் அளவைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். பருவம் தொடங்கும் முன் ஒரு முறை சோதித்து, அந்த அளவைக் குறித்துவைத்துப் பின்னால் ஒப்பிட வேண்டும். இந்த வகை மருந்துகளைக் கையாளும் தொழிலாளருக்கு மாதம் ஒரு முறை இச்சோதனை செய்ய வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆயினும் டேங்க் கணக்கில் கூலி பெறுபவரை அச்சோதனைக்கு அழைத்துச் செல்வார் அரிது. நிலச் சொந்தக்காரர்களும் விவசாயிகள் சங்கங்களும் முன்வந்து இதற்கு ஏற்பாடு செய்தால் பல குடும்பங்கள் காப்பாற்றப்படும்.

மாற்று மருந்து

முதன்மையான மாற்று மருந்து அட்ரோபின். இது அசிட்டைல்கோலினைச் சுரப்பிகளிலும் மூச்சுக்குழாயிலும் இதயத்திலும் அமரவிடாமல் தடுக்கிறது. சாதாரணமாக ஓர் ஊசிக்குப்பியில் 0.6 மில்லிகிராம் இருக்கும். கடுமையான நஞ்சேற்றத்தில் மருத்துவர் முதலிலேயே பல குப்பிகளைச் செலுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இரட்டித்து, மார்பில் சளி இரைச்சல் அடங்கி நாடி தேறும் வரை தொடர்கிறார். ஆகவே எங்கோ ஓர் ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்து வருவது சிகிச்சை ஆகாது.

ஊமத்தையிலும் அட்ரோபின் இனச் சத்துகள் இருப்பது உண்மையே. அதைக் கேள்வியுற்று இலைச்சாறு கொடுக்க எவரும் முற்படலாகாது. இலைக்கு இலை, செடிக்குச் செடி அளவு மாறும். அதுவே தனி நஞ்சாகிவிடும்.

அட்ரோபின் தசைகளின் சோர்வை நீக்காது. ஒடிந்த சாவியைப் பூட்டிலிருந்து பிடுங்கி எடுக்க 1950களில் பிராலிடாக்ஸிம் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. சாவி இறுகும் முன் கொடுத்தால்தான் அதற்கு வேலை உண்டு. ஆனால் இலங்கையிலும் வேலூரிலும் நடந்த ஆய்வுகளில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகையால் அட்ரோபினும் பிராணவாயுவும் தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமுமே இன்றும் முதன்மையான சிகிச்சை.

இன்னொரு செய்தியை உறவினர் கட்டாயம் அறிய வேண்டும். நோயாளி தேறி எழுந்து உட்கார்ந்த பின்னும், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்ந்து மூச்சு நிற்கக்கூடும். இதை 1987ஆம் ஆண்டு இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்காவும் கரல்லியத்தேயும் உலகுக்கு எடுத்துரைத்தார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை இதன் முதல் அடையாளம். “நன்றாகப் பேசுகிறாரே, வீட்டுக்குப் போகலாம்” என்று மருத்துவர் சொல்லும் முன் அழைத்து வந்துவிடக் கூடாது.

முதலுதவி

1. நோயாளியைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உதவுபவர் கையில் ரப்பர் உறை அல்லது பாலித்தீன் பை அணிய வேண்டும்.
2. நனைந்த உடைகளைக் களைந்து, சோப்புப் போட்டு ஏராளமான நீரால் உடம்பு, தலைமுடி, நகக்கண் ஆகியவற்றைக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் சுத்தமான நீர் விட்டுக் கழுவ வேண்டும்.
3. உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே உயிரைக் குடிக்கும். பால், எண்ணெய் எதுவும் புகட்டலாகாது.
4. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயிலுள்ள எச்சிலைத் துடைக்க வேண்டும்.
5. உடனே 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தினருக்கு அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. செயற்கைச் சுவாசம் தேவைப்படுவோர் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர்.
6. மருந்துப் புட்டியை அல்லது அதன் லேபிளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதில் மாற்று மருந்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும்.

மருந்தடிக்கும் முறை

லேபிளில் உள்ள வண்ண முக்கோணத்தை முதலில் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. குளோர்பைரிபாஸும் குயினால்பாஸும் மஞ்சள், மாலத்தியான் நீலம்.

மருந்தை அளவுக் குவளையால் அளந்து, குச்சியால் கலக்க வேண்டும், கையால் கலக்கலாகாது. இரண்டு மூன்று மருந்துகளைத் தம் விருப்பம்போல் ஒன்றாகக் கலக்கக் கூடாது. டேங்கில் ஒழுக்கு இருந்தால் வாஷரை மாற்றிய பிறகே தோளில் ஏற்ற வேண்டும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, ரப்பர் கையுறை, முகக்கவசம் அணிய வேண்டும். முதுகில் டேங்குக்கும் சட்டைக்கும் இடையே ஒரு பாலித்தீன் தாளைக் கட்டிக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு. காற்றடிக்கும் திசையிலேயே தெளிக்க வேண்டும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. வேலை நடுவே பீடி, வெற்றிலை, டீ எதுவும் கூடாது. ஒருவரே நாள்தோறும் அடிக்காமல் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மயஸ்தீனியாவுக்கோ மறதி நோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவர் மருந்தடிக்கச் செல்லலாகாது. அவருடைய நொதி ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கிறது. அண்மையில் மருந்தடித்தவருக்கு அறுவை சிகிச்சை நேர்ந்தால், அதை மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும். தசை தளர்த்தும் மருந்து ஒன்றை ரத்தத்தில் சிதைப்பதும் இதே இன நொதியே.

தேவையின்றி அடிக்க வேண்டாம்

மருந்தைக் குறைப்பதே ஆளைக் காக்கும் முதல் வழி. தூர் கட்டும் பருவத்தில் 10 சத இலைகள் சேதமடைந்தால்தான் இலைச்சுருட்டுப் புழுவுக்கும், 10 சதக் குருத்துகள் காய்ந்தால்தான் தண்டுத் துளைப்பானுக்கும் மருந்து தேவை. தூருக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில், தூர்க்கட்டைக்கு இரண்டு புகையான் வரும் வரை பொறுக்கலாம். பாஸ்பரஸ் மருந்துகள் சில சிலந்திகளைக் கொன்று, புகையானை முன்னிலும் அதிகமாகப் பெருகவிடுகின்றன என்பது கண்கூடு. நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு, புகையான் கண்டதும் நீரை வடித்தால் பாதித் தொல்லை தீரும். நட்ட 30, 37ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் ஒட்டுண்ணியையும், 37, 44, 51ஆம் நாட்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் ஒட்டுண்ணியையும் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் விடலாம். 5 சத வேப்பங்கொட்டைச் சாறும் கைகொடுக்கும்.

மருந்து வீட்டில் இருப்பதே ஓர் அபாயம். ஒரு கணத்து மனவேதனையில் எட்டிய கைக்குக் கிடைத்த புட்டியால் அழிந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், தற்கொலைச் சாவுகள் பின்வந்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதம் குறைந்தன. நெல் விளைச்சல் குறையவில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ‘சினேகா’ அமைப்பினர் மருந்துகளைப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார்கள். ஒவ்வோர் ஊரிலும் கூட்டுறவுச் சங்கம் இதைச் செய்யலாம். அதுவரை, வேண்டிய அளவு மட்டும் வாங்கி, மிச்சத்தைப் பூட்டிவைத்துச் சாவியை ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். மனம் நொந்தவர்கள் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

கடைசியாக ஒன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் முதலாவது கோடைமேலழகியான். விக்கிரமசிங்கபுரத்து வாய்க்காலில் கழுவிய டேங்கின் நீர் கீழே குளிப்பவர் மேலும், குடிப்பவர் வாயிலும், மீனின் நரம்பிலும் சேர்கிறது. ஆகவே தெளிப்பானை வயலுக்குள்ளேயே கழுவி, அந்நீரை வயலிலேயே ஊற்ற வேண்டும். காலிப் புட்டிகளை மும்முறை அலசி, உடைத்து அல்லது துளையிட்டு, நீர்நிலைக்கு அப்பால் புதைக்க வேண்டும். தலைமடை விவசாயி காட்டும் இந்த அக்கறை, ஸ்ரீவைகுண்டம் கடைமடை வரை உள்ள அத்தனை பேருக்கும் பயன்படும்.